நிறுத்தத் தெரியாத கை

சென்ற வருடம் கோடை தொடங்கிய நேரம். திருவனந்தபுரத்தில் 'சாலை' என்கிற கடைத்தெருவில், ஒரு இரும்புக் கடையின் மாடியில் பெண்களுக்காக நான் நடத்தும் கராத்தே வகுப்பில் நடந்தது இது. விடிந்ததும் வகுப்பு. கீழே லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிற சத்தம் தொடங்குவதற்குள் முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு நான் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. புதிதாக ஒருத்தி வந்தால், அவள் எப்படிப்பட்டவள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பஞ்சு அடைத்த பேட் ஒன்றை நான் பிடித்துக்கொண்டு ஓங்கிக் குத்தச் சொல்வேன். குத்திய பிறகு என்ன செய்கிறாள் என்று மட்டும் பார்ப்பேன். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், குத்தியதும் "இடுப்பை ஏன் திருப்பணும்?" என்று கேட்டார். காரணம் சொல்லாமல் அவருக்கு இன்றுவரை ஒரு அசைவும் சொல்லித்தர முடியாது. கல்லூரிப் பெண் ஒருத்தி சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அவளைத் திட்டினால் வாடிவிடுவாள். நாலு பேர் முன்னால் பாராட்டினால் மலையையே புரட்டுவாள். ஆளுக்குத் தகுந்தபடி சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் வராதது எதுவும் இல்லை என்பது என் கட்சி.

அந்தக் கட்சிக்குத் தண்ணி காட்டியவர் ஒருவர் உண்டு. தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். வகுப்பில் எல்லாருக்கும் அவர் ஆட்டோ அக்கா. நல்ல வேகம், நல்ல பலம், பயம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் கோபம் வந்துவிட்டால் கை நிற்காது. எங்கள் முறையில் சண்டைப் பயிற்சியின்போது முகத்துக்கு விடும் குத்து, மூக்குக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட வேண்டும். குறிபார்த்து விட்ட குத்து பட்டால் தோல்வி, கை தவறிப் பட்டால் எச்சரிக்கை. அதற்கு முந்தைய வருடக் கருப்பு பெல்ட் தேர்வில் அக்காவின் குத்து நிற்கவில்லை. எதிரே நின்ற பெண்ணின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இந்த முறை தோற்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருந்தது. ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு சொல்லிக் கொடுக்க ஆள் தேடினார்கள். அக்காவைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. கருப்பு பெல்ட் சான்றிதழோடு வந்தால் ஜூனில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஸ்டாண்டில் சவாரி பார்த்து வீடு திரும்பும்போது பிள்ளை பல நாள் தூங்கிப் போயிருக்கும். சாயங்காலம் அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை.

நானும் எல்லாம் செய்து பார்த்தேன். திட்டினேன், மூச்சை எண்ணச் சொன்னேன், பலசாலிகளாகப் பார்த்து எதிரே நிறுத்தினேன். பலசாலி ஒரு குத்து விட்டால் அக்கா இரண்டாகத் திருப்பிக் கொடுத்தார்.

"டீச்சரே, கை போயாச்சுன்னா போயாச்சு. பின்ன அத எப்பிடி பிடிச்சு நிறுத்துகது? அவதானே தடுக்கணும்!" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. நிறுத்துகிற வேலையை இவர் எதிராளியிடம் விட்டுவிட்டிருக்கிறார்! அப்படியானால் தடுக்கவே தெரியாத ஒருத்தியை எதிரே நிறுத்தினால் என்ன?

அப்படி ஒருத்தி எங்களிடம் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அதே தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. எதிரே கை ஓங்கினால் போதும், கண்ணை இறுக மூடிக்கொள்வாள். முதல் நாள் பேட் மீது குத்திவிட்டு அந்தப் பேடிடமே மன்னிப்புக் கேட்கிற மாதிரி தடவிக் கொடுத்தவள். அவளை அக்காவுக்கு ஜோடியாக நிறுத்தினேன். வங்கி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது ரிஸ்க் டீச்சர், அந்தப் பொண்ணு தாங்காது" என்றார். எனக்குத் தெரியும், நான் பக்கத்திலேயே நிற்பேன் என்றேன்.

பக்கத்தில்தான் நின்றேன். இருந்தும் இரண்டாம் நாளே நடந்துவிட்டது. ஆட்டோ அக்காவின் குத்து அந்தப் பெண்ணின் கன்னத்தில் பட்டது. நல்ல அடி.  பாய்ந்து அவளைப் பிடித்தேன். அவளோ கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணைக்கூடத் திறக்காமல், "சாரிக்கா" என்றாள்.

அக்கா அப்படியே நின்றார். "எடீ, அடி வாங்கினது நீ! நீ எதுக்குடி சாரி சொல்லுக?" என்று சத்தம் போட்டார். அதற்கும் அவள் "சாரிக்கா" என்றாள். அக்கா பெல்ட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். அன்று முழுக்க எழுந்து வரவில்லை. நான் கீழே டீக்கடையில் ஐஸ் வாங்கி அந்தப் பெண்ணின் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது, நாளை முதல் இந்த இரண்டு பேரில் ஒருத்தி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் நான் மாடிக்குப் போனபோது இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்து எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா வற்புறுத்தி வரச்சொன்னாராம். அந்தப் பெண் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தாள். அக்கா மெதுவாகக் கையை நீட்டி அவள் மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு, "கண்ணத் தொற மோளே, ஒண்ணுமில்ல" என்றார். அவள் திறக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. திறந்ததும் அடுத்த குத்து, கொஞ்சம் வேகமாக. மறுபடி கண் மூடும், மறுபடி காத்திருப்பார். சவாரிக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துப் பறக்கிற மனுஷி, இவளுக்காக நின்றதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். கொஞ்ச நாளில் அந்தப் பெண் கண்ணை மூடுவது குறைந்தது. ஒருநாள் அக்கா முழு வேகத்தில் விட்ட குத்து மூக்குக்கு முன்னால் வந்து நின்றதை இமைக்காமல் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

மே மாதம் தேர்வு. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார், சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். பயிற்சியாளர்கள் ஓரமாக நாற்காலியில் உட்கார வேண்டும், சத்தம் போட்டால் மாணவருக்கு மதிப்பெண் குறையும். துணிக்கடைப் பெண் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவின் எதிராளி வேறு வகுப்பைச் சேர்ந்த நெட்டையான பெண். பதற்றத்தில் கண்டபடி கை வீசினாள். ஒரு வீச்சு தவறி அக்காவின் உதட்டைக் கிழித்துவிட்டது. தேர்வாளர் நிறுத்தி அவளை எச்சரித்தார். தொடர முடியுமா என்று அக்காவைக் கேட்டார். அக்கா புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டுத் தலையாட்டினார். அந்த முகம் எனக்குத் தெரியும். தாடை இறுகி, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முந்தைய வருடமும் அப்படித்தான் சாய்ந்தது. போச்சு என்று நினைத்தேன். ஜூன் மாதம், பள்ளிக்கூடம், அந்தப் பிள்ளையின் சாயங்காலம் எல்லாமே போச்சு.

மறுபடி தொடங்கியதும், ரத்தத்தைப் பார்த்து மிரண்டிருந்த நெட்டைப் பெண் கையைத் தாழ்த்திவிட்டாள். அக்கா பாய்ந்தார். சட்டைக் கை விசிறிய சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. குத்து அவள் மூக்குக்கு முன்னால் அசையாமல் நின்றது. அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொற மோளே, ஒண்ணுமில்ல" என்றார் அக்கா.

சண்டை நடுவே பேசக் கூடாது. தேர்வாளர் புருவத்தைச் சுருக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் கண்ணைத் திறக்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, அக்காவின் பக்கம் கையை உயர்த்தி, தேர்ச்சி என்றார் தேர்வாளர். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜூனில் அக்கா பள்ளியில் சேர்ந்தார். நான் இப்போதும் புதிதாக வருகிறவளின் குணத்தை முதல் நாளே சொல்லிவிடுவேன், அந்தத் திமிர் குறையவில்லை. ஆனால் ஒருத்திக்கு எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை என்றால், நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதை விட்டுவிட்டு, இவள் எதிரே யாரைக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று வகுப்பைச் சுற்றிப் பார்க்கிறேன்.