அத்தையின் கழுத்தும் என் ஆன்லைன் கடையும்

முதலில் என் கழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கழுத்து கிடையாது. தோளுக்கு மேலே தலையைத் தூக்கி வைத்து, பத்தாததற்கு ஒரு அமுக்கும் அமுக்கிவிட்டது போலத்தான் இருப்பேன். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதே என் வீட்டுக்காரர், "மாலையப் போட்டா மூஞ்சியக் காணோமே" என்று காதோரம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்பேர்ப்பட்ட நான் கழுத்துமாலை செய்து ஆன்லைனில் விற்கக் கிளம்பினேன் என்றால் என் துணிச்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகை என்றால் தங்கம், வெள்ளி இல்லை. நூல். எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ் பாதையில் பாதி வழியில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்கூடத்தில் வேலை. சேலை ஓடி முடிந்ததும் நூல் சுற்றிவரும் கோனில் கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடைக்குப் போடுவார்கள். வண்டி துடைக்க ஆகும் என்று அவர் ஒரு நாள் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். தரையில் கொட்டிப் பார்த்தால் அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை, கத்தரிப்பூ என்று கண்ணைப் பறிக்கிறது. இதை எடுத்துப் போய் வண்டிச் சக்கரத்தைத் துடைக்க எந்தப் பாவிக்கு மனசு வரும்?

மர மணிகள் வாங்கி அவற்றின் மேல் நூலைச் சுற்றினேன். ஊசியை மணியின் ஓட்டைக்குள் விட்டு விட்டு எடுத்து, நெருக்கமாகச் சுற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் நடுவில் மரம் பல்லை இளிக்கும். முதல் மாலையை முடிக்க நாலு நாள் ஆனது. சுண்டுவிரல் முழுக்க ஊசிக்குத்து. அப்புறம் கை பழகிவிட்டது. சேலையின் உடல் நிறத்தில் மணி, பார்டர் நிறத்தில் குஞ்சம் என்று ஒரு கணக்கும் பிடிபட்டது. சேலையை போட்டோ எடுத்து அனுப்புங்கள், அதற்குப் பொருத்தமாகச் செய்து தருகிறேன் என்று போனில் ஒரு கடையைத் திறந்துவிட்டேன்.

கடை திறந்தது சரி, மாலையை எப்படிப் படம் எடுப்பது? தரையில் வைத்து எடுத்தால் அறுந்து விழுந்தது போல இருந்தது. என் கழுத்தில் போட்டு எடுத்தால் மாலை பாதி தாடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கடைசியில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, அதன் கழுத்தில் மாட்டி எடுத்துப் போட்டேன். ரெண்டு நாளாக ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு அம்மா, "குடம் என்ன விலை?" என்று கேட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குடத்தையே விற்றிருப்பேன். அது சீர்வரிசையில் வந்தது என்பதால் விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் அத்தை பருத்தி எடுத்துவிட்டு வந்தார். அத்தை என்றால் என் மாமியார். வந்த வேகத்தில் செம்பை எடுத்து அண்ணாந்து கடகடவென்று தண்ணீர் குடித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என்ன கழுத்து! நீளமாக, நல்ல கறுப்பாக, மூன்று வரி ஓடி, தோளெலும்பு ரெண்டு பக்கமும் எடுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பில் மாம்பழ மஞ்சளை வைத்தால் எப்படி இருக்கும்! ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பார்க்காததற்கும் காரணம் உண்டு. மாமனார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதிலிருந்து அந்தக் கழுத்தில் ஒன்றுமே கிடையாது. ஒன்றும் இல்லாத கழுத்தை யார் பார்க்கிறார்கள்?

கேட்டேன். "ஏ கிறுக்கி, ஊரு சிரிக்கும்" என்றார்.

"மூஞ்சி வராது அத்தை. கழுத்து மட்டுந்தான்."

"மூஞ்சி வராதா? கழுத்துல என்ன பேரா எழுதி ஒட்டியிருக்கு? அப்ப எடு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படம் போட்ட அன்றைக்கே மூணு ஆர்டர் வந்தது. நான் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் வேலியேறிவிட்டது. அதற்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் காலை வெயிலில் அத்தை கொல்லைப்பக்கம் முக்காலியில் வந்து உட்காருவார். முதலில் கூச்சப்பட்டவர் போகப் போக, "இந்தப் பச்ச எனக்கு எடுக்காது, அந்த அரக்கக் கொண்டா" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். படம் எடுத்து முடித்த பிறகும் உடனே கழற்ற மாட்டார். "இருக்கட்டும், ரெண்டு பாத்திரத்தக் கழுவிட்டு வாரேன்" என்பார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண், "மாடல் சென்னையா?" என்று கேட்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். "சென்னைக்காரியாம்ல!" என்று அத்தை சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அந்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஆர்டரை விட அதுதான் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. எதிரே ஒருத்தி வந்தால் முகத்துக்கு முன்னால் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். செயின் இருக்கிறதா, அடகுக்குப் போய்விட்டதா, புதுசா, பாலிஷ் போட்டதா என்று பார்த்து முடித்த பிறகுதான், "என்னத்தா, சவுக்கியமா?" இந்த ஊரில் முகத்தை மறைத்துவிட்டால் ஆள் தெரியாது என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காரியாபட்டியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மாமனாரின் கூடப்பிறந்த அக்கா. அவரும் தாலி இழந்தவர்தான், அத்தைக்கு முன்னாலேயே. குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதும் அவர் சொல்லாமல் நகராது. அவருடைய பேத்தி மதுரையில் வேலை பார்க்கிறாள். அவள் என் கடை என்று தெரியாமலே ஒரு மாலையைப் பிடித்துப்போய், நல்லாயிருக்கா என்று பெரியம்மாவிடம் போனைக் காட்டியிருக்கிறாள். பெரியம்மா மாலையையா பார்ப்பார்? அத்தையின் வலது தோளெலும்புக்கு மேலே சீமைக்கருவேல முள் கிழித்த தழும்பு ஒன்று உண்டு. விறகு வெட்டப் போன இடத்தில் அந்த முள்ளைப் பிடுங்கி எறிந்து மஞ்சள் அப்பியதே பெரியம்மாதானாம்.

போன் வந்தது. நான் மணிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் அத்தையும் இருந்தார்.

"ஏ பிள்ள, உங்க அத்தைக்குக் குமரி திரும்புதோ?" என்று ஆரம்பித்தார். "எந் தம்பி செத்த வீட்டுல மணியும் குஞ்சமுமா தொங்குது? கழுத்த ஊரு ஊரா அனுப்பி வச்சிருக்கா!"

"பெரியம்மா, அது வெறும் நூலு..."

"நீ வாயத் தொறக்காத. அடுத்த வாரம் காதுகுத்துக்கு அவ வருவால்ல? நாலு பேரு முன்னாடி வச்சே கேக்குறேன்."

காதுகுத்து என் நாத்தனார் மகளுக்கு. அதாவது அத்தையின் சொந்த மகள் வயிற்றுப் பேத்திக்கு. காரியாபட்டிக்குப் பக்கத்தில் அவர்களுடைய குலசாமி கோயிலில், தாய்மாமனான என் வீட்டுக்காரர் மடியில் வைத்துக் குத்தப்போகிறார்கள். அத்தை பேத்திக்கென்று பச்சைப் பட்டுப்பாவாடை எடுத்து, மடித்து, தினமும் ஒரு தரம் பிரித்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இவுக யாரு கேக்குறதுக்கு?" என்று கத்தினேன். அத்தை கத்தவில்லை. முந்தானையை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். "எம் மக மாமியா வீட்டுல தல குனியக் கூடாது. நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

"எல்லாப் படத்தையும் அழிச்சிர்றேன் அத்தை."

"அழிக்காத. படம் நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. என் வியாபார ஆசையால் ஒரு பொம்பளை தன் பேத்தி காதுகுத்தைப் பார்க்க முடியாமல் போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் ஒரு மணிகூடச் சுற்றவில்லை.

காதுகுத்தன்று காலையில் வேன் வாசலில் நின்றது. சீர்த்தட்டு, பழக்கூடை, கிடா எல்லாம் ஏற்றியாயிற்று. அத்தை பழைய சேலையில் வாசல்நிலையில் சாய்ந்து நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க வரலைன்னா நானும் வரல. தாய்மாமன் மட்டும் போயி ஒத்தையில உக்காரட்டும்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து, "அம்மா, என்னப் பெத்தவ இல்லாம என் மடிக்கு என்னம்மா மரியாத?" என்றார். கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தார் அத்தை. "செத்த இருங்க, வாரேன்" என்று உள்ளே போனார். சேலை மாற்றி, கையில் ஒரு மஞ்சப்பையோடு வந்து ஏறினார். வழியெல்லாம் அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கோயில் கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. ரேடியோ செட்டு அலறிக்கொண்டிருந்தது. பெண்கள் படுதா விரித்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாகப் பெரியம்மா. அத்தையைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வா தாயி வா. என்ன, இன்னைக்கு வெறுங்கழுத்தா வந்திருக்க? போட்டோ பிடிக்க ஆளில்லையா?"

ரெண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த நாத்தனார் முகம் செத்துப்போய்விட்டது. அவளுடைய மாமியார் தட்டோடு அப்படியே நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார், உயிர் போய்விட்டது.

பிறகு மஞ்சப்பைக்குள் கையை விட்டு அரக்கு நிற மாலையை வெளியே எடுத்தார். எனக்கே தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார்.

"இந்தா இருக்கு மதினி. நீங்க கேப்பீகன்னுதான் கையோட கொண்டாந்தேன்" என்றார். "உங்க தம்பி தங்கமான மனுசன். எம் மேல கை நீட்டுனதில்ல. ஆனா ஒரு குண்டுமணிப் பொன்னு வாங்கிப் போட அவுகளுக்கு வழியில்ல. இந்தக் கழுத்துல மஞ்சக்கயிறு மட்டுந்தான் கெடந்துச்சு. அவுக போனப்ப அதையும் நீங்கதான் அவுத்தீக. உங்க கையும் அன்னைக்கு நடுங்குச்சு, எனக்குத் தெரியும்."

வெங்காயம் உரித்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"எனக்கு இதப் போட்டுக்கிடணும்னு ஆசையா இருக்கு மதினி. அவுத்த கையாலயே நீங்க கட்டிவிடுங்க. மாட்டேன்னா சொல்லிருங்க, பைக்குள்ள போட்டுக்கிட்டுப் பேத்தியப் பாக்கப் போறேன்."

சொல்லிவிட்டு மாலையைப் பெரியம்மாவின் மடியில் வைத்தார். திரும்பி, படுதாவில் உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் செய்யும் மாலைக்குக் கொக்கி கிடையாது. ரெண்டு நூல்முனையைப் பின்கழுத்தில் முடிச்சுப் போட வேண்டும். தானே கட்டிக்கொள்வது சிரமம்.

பெரியம்மா மாலையைக் கையில் தூக்கி எடை பார்ப்பது போலப் பார்த்தார். மணியை ஒவ்வொன்றாக உருட்டினார். "ஊரு பேசும்டி" என்றார். முன்பிருந்த வேகம் அதில் இல்லை.

"பேசட்டும். எங்க மதினிதான் கட்டிவிட்டாகன்னு சொல்லிக்கிறேன்."

"அடிப் பாதகத்தி! என்னையும் சேத்துல்ல மாட்டிவிடுறா" என்று பெரியம்மா சொன்னதும் படுதாவே சிரித்தது. நாத்தனாரின் மாமியாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் மட்டும் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் நான் ஒரு வெங்காயத்தைக்கூடத் தொடவில்லை.

பெரியம்மா வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். நூல்முனைகளை எடுத்துப் பின்கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அதன் மேல் இன்னொன்று. மூன்றாவது முடிச்சுக்கு நூலை இழுத்தபோது எனக்குப் பதறிவிட்டது. அவ்வளவு இறுக்கினால் நான்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

"ஒரு முடிச்சு போதும் பெரியம்மா, அப்புறம் கழட்ட வராது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது முடிச்சையும் பல்லைக் கடித்து இறுக்கினார்.

"கழட்டுறதுக்கா கட்டுறேன்?" என்றார்.