செம்பாறையடியில் எடுத்த பிடிமண்

பிள்ளைகளா, யாராவது "சாமி நிலம்" என்று சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நன்னிலம் பக்கம் நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தை, உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மிராசுதார் ஒரு சாமியின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். "சாமி சொத்து, இனிமே வரப்புல கால் வைக்காதே" என்று எங்கள் அப்பாவுக்கு ஆள் விட்டுச் சொன்னார். நெல் மட்டும் எப்போதும்போல அவர் வீட்டுக்கே போனது.

அதனால்தான், ஆஸ்திரேலியாவில் உங்கள் அக்கா புனித இடம் என்று சொல்லிப் பாலைவனத்து உலுரு பாறைக்கு என்னை அழைத்துப்போனபோதும் நம்பிக்கையில்லாமலே நடந்தேன். அந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்த ஒரு அம்மா வழிகாட்டியாக வந்தார். பாறைமேல் ஏறக் கூடாது, இந்த வளைவில் படம் எடுக்கக் கூடாது, இதன் கதையை வெளியாருக்குச் சொல்வதில்லை என்றார்.

"எதை மறைக்கிறாங்களாம்?" என்றேன்.

"மெதுவா பேசுங்கப்பா" என்றாள் அக்கா.

அந்த அம்மா முன்னால் போனதும், என்ன இருந்தாலும் சாமி இடமாச்சே என்று குனிந்து கும்பிட்டு, ஒரு பிடி செம்மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன். குலசாமிக்கு வேறு ஊரில் கோயில் எழுப்பப் பழைய கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுபோவோமே, அந்தப் பழக்கம்.

அக்கா பார்த்துவிட்டாள். "ஐயோ, இங்கேருந்து ஒரு கல்லுகூட எடுக்கக் கூடாதுப்பா!"

"யாரு சொன்னது, மிராசுதாரா? பட்டா யார் பேர்ல இருக்குன்னு அந்தம்மாவைக் கேளு."

அக்கா கூசிக்கொண்டே கேட்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் சொன்னதை அக்கா தமிழில் சொன்னாள்: "அவங்க சனத்து பேர்லதான் இருக்காம். பறிகொடுத்து, ரொம்ப வருஷம் போராடித் திரும்ப வாங்கினாங்களாம். இப்ப அரசாங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்காங்களாம்."

"அரசாங்கமே குத்தகைக்காரனா! ஒழுங்கா நடந்துக்கிறானா?"

"ஒரு கண்ணு வச்சுக்கிட்டேதான் இருக்காங்களாம்."

பிறகு அந்த அம்மா என் கைக்குட்டையைக் காட்டி, அது என்னவென்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் ஊரில் இப்படி மண் எடுப்பதென்றால் யாரைக் கேட்டு எடுப்போம் என்றார்.

பூசாரியிடம் கேட்டு, அவர் கையால் அள்ளிக் கொடுத்தால்தான் அது பிடிமண். இல்லாவிட்டால் திருட்டு மண். நான் யாரையும் கேட்கவில்லை.

முடிச்சை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே கொட்டினேன். கைக்குட்டையை இரண்டு முறை உதறினேன். இன்னொரு முறை உதறச் சொல்லி அந்த அம்மா கை காட்டினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.