ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. கடையின் நீளம் பத்தடிதான். கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகையைத் தள்ளி மாட்ட இடம் கிடையாது. அதனால் பலகையை இடவலம் மாற்றி எழுதி, உட்காருபவரின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷம் இடவலம் மாறிய எழுத்துகளோடு குடித்தனம் நடத்தினால் மனுஷனுக்கு என்ன ஆகும்? எதைப் பார்த்தாலும் 'இது நேராக இருக்கிறதா, திரும்பி இருக்கிறதா' என்று ஒரு சந்தேகம் தட்டும். அவருக்கு அது சற்று அதிகமாகவே தட்டும். நெற்றிப் பட்டையில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டே திரிவதால் பூதக்கண்ணாடி என்று பெயர். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வீட்டுக்கு வந்தாலும் பட்டை கழலாது. பிளாஸ்டிக் மாடல் கார் கட்டுவது அவருடைய பைத்தியம். நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. கதவுக் கைப்பிடி அரிசி அளவுகூட இருக்காது. புதிதாகப் பெட்டியில் வருவதைக் கட்டுவதில் அவருக்கு அவ்வளவு ருசி இல்லை. யாரோ எப்போதோ அவசரமாகக் கட்டி, பசையை வழியவிட்டு, பெயிண்ட் காய்வதற்குள் விரலை வைத்துக் கெடுத்து, வேண்டாமென்று வீசினது வேண்டும். அதை ஃப்ரீசரில் ஒரு நாள் வைப்பார். குளிரில் பழைய பசை மொடமொடத்துப் போய், லேசாக நெம்பினால் பட்டென்று விட்டுவிடும். பிறகு பிரேக் ஆயிலில் ஊறப் போட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். ஐஸ் கட்டி எடுக்கப் போன மனைவியின் கையில் காரின் கூரை வந்ததும் உண்டு. வீட்டில் அதற்கு நடந்த சண்டையை இங்கே சொல்ல வேண்டாம்.

அப்படித்தான் பழைய சாமான் கடை ஒன்றில் அந்தக் கார் கிடைத்தது. நாலு கதவு, உருண்டை விளக்கு, மூக்கு நீண்ட பழைய மாடல். பார்த்த மாத்திரத்தில் விலைகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அப்பா வைத்திருந்த கார் அதே ரகம்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. உயிரோடு இருந்தவரை அப்பாவும் அவரும் உட்கார்ந்து பேசினதே அபூர்வம். 'சாப்டியா', 'கடை உண்டா', அவ்வளவுதான். ஆனால் அந்தக் காரைப் பற்றி மட்டும் அப்பா பேசுவார். மலைப்பாதையில் பிரேக் போனதும், கியரைக் குறைத்துக் குறைத்து மணல் மேட்டில் ஏற்றி நிறுத்தினதும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் காரை விற்ற ஏக்கத்தில் அவர் வேறு காரைத் தொடவே இல்லை, கடைசிவரை பஸ்தான் என்று உறவுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பூதக்கண்ணாடி கைக்குழந்தையாக இருக்கும்போதே கார் கைமாறிவிட்டது. அதில் போன ஞாபகம் அவருக்குத் துளிகூட இல்லை. அதனாலேயே, அப்பாவின் படத்துக்குக் கீழே அந்தக் காரை ஒரு தப்பும் இல்லாமல் கட்டி வைத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துக்கொண்டது.

ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். முன்பக்கத்திலிருந்து எடுத்தது. நாலு வயது அண்ணன் நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே அப்பாவும் அம்மாவும். வெயில் பட்டு முன்கண்ணாடியின் கீழ் ஓரம் வெள்ளையாகிவிட்டதால் ஸ்டீயரிங் தெரியவில்லை. கையில் கிடைத்த மாடலில் ஸ்டீயரிங் வலது பக்கம். ஊரில் ஓடும் எல்லாக் கார்களிலும் அப்படித்தான். ஆனால் படத்தில் வலது சீட்டில் இருப்பது அம்மா. அப்பா இடது சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

பூதக்கண்ணாடிக்குத் தொழில் புத்தி உடனே வேலை செய்தது. 'நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டான்!' படத்தைக் கண்ணாடி முன் பிடித்துப் பார்த்தார். அப்பா வலது பக்கம் வந்துவிட்டார். நிம்மதியாகத் தூங்கப் போனார். விடிந்து மறுபடி பார்த்தபோதுதான் அப்பாவின் சட்டைப் பாக்கெட் கண்ணில் பட்டது. எல்லார் சட்டையிலும் இருப்பதுபோல் இடது நெஞ்சில், பேனாவோடு. அப்படியானால் படம் நேரான படம்தான். போச்சு, தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

"ஃபோட்டோவுக்காக எடம் மாறி உக்காந்திருப்பாங்க. இதுக்குப் போயி..." என்றாள் மனைவி.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனார். "அம்மா, நம்ம பழைய கார்ல அப்பா எந்தப் பக்கம் உக்காருவார்?"

"இடது பக்கம்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். ஜன்னல்ல கையைத் தொங்கப் போட்டுட்டு. எத்தனை சொன்னாலும் கையை உள்ள எடுக்க மாட்டார்." அம்மா பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் சிரித்தே விட்டார். "உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சா? நம்ம ஊர்ல எல்லாக் காரும் வலதுதானேடா. அப்பா வலது பக்கம் உக்காந்துதான் ஓட்டினார்."

"நீ பார்த்தியா?"

"நான் பின்சீட்ல ஏறினதும் தூங்கிடுவேன். பார்க்கணுமா என்ன, இது தெரியாதா?"

கடைசியில் தெருக்கோடி மெக்கானிக்கிடம் படத்தை நீட்டினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அந்தக் காலத்துல வெளிநாட்டு இன்ஜினியருங்க சிலபேர் இடது ஸ்டீயரிங் வண்டி கொண்டாந்து, போறப்போ இங்கயே வித்துட்டுப் போனாங்க சார். அதுல ஒண்ணா இருக்கலாம்."

அடடா, என்று பூதக்கண்ணாடி துள்ளினார். எல்லாம் பொருந்திவிட்டது. பாக்கெட் பொருந்துகிறது, அம்மா சொன்னது பொருந்துகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி! அப்பா இதைச் சொல்லவே இல்லையே என்று ஒரு குறை மட்டும் இருந்தது. டேஷ்போர்டைப் பொடிப்பல் ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்து, மாற்றி ஒட்டி, இடுக்கில் பட்டி பூசித் தேய்த்தார். பெடல்களைப் பெயர்த்து இடது பக்கம் வைத்தார். வைப்பர் துளைகளை அடைத்துப் புதிதாகத் துளை போட்டார். நாலு சாயங்காலம் போயிற்று. இவ்வளவு மூளையையும் செலவழித்த மனுஷன் எதிரே பேப்பர் படிக்கும் அம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நாலு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. அவருக்கு மட்டுமா, அந்த வீட்டில் நாற்பத்தைந்து வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மேஜைப் பக்கம் வந்தாள். அவர் நெற்றியிலிருந்த பட்டையைக் கழற்றித் தன் கண்ணுக்கு வைத்துக்கொண்டு காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"என்னடா இது, ஸ்டீயரிங்கை இங்க கொண்டு வெச்சிருக்கே?"

"நீதானேம்மா சொன்னே, அப்பா இடது பக்கம்தான் உக்காருவார்னு."

"உக்காந்தார். ஓட்டினார்னு சொன்னேனா?"

பூதக்கண்ணாடி பேந்தப் பேந்த விழித்தார். "பின்னே யாரு ஓட்டினது?"

"நான்தான்."

கல்யாணத்துக்கு முன்பே தன் அப்பாவின் சரக்கு வேனை ஓட்டிப் பழகினவள் அம்மா. கார் வாங்கின புதிதில் அப்பா இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் கேட் தூணில் முட்டினார். அன்றோடு சரி. சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தவர்தான்.

"அப்போ அந்த மலை? பிரேக் போனது?"

"நிறுத்தினது நான். அவர் கண்ணை இறுக்கி மூடிட்டிருந்தார்."

"அப்பா ஏன் அப்படிச் சொன்னார்?"

"அவர் பொய் சொல்லலைடா. வண்டி நின்னுதுன்னுதான் சொன்னார். கேட்டவங்க அவர்தான் ஓட்டினார்னு எடுத்துக்கிட்டாங்க. முதல் ரெண்டு தரம் என் மூஞ்சியைப் பார்த்தார். நான் சிரிச்சேன். அப்புறம் பார்க்கறதை விட்டுட்டார்." அம்மா பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இனிமே இவ எங்க ஓட்டப்போறான்னு வீட்டுப் பெரியவங்களா பேசி வண்டிக்கு விலை முடிச்சிட்டாங்க. மாடியில துணி காயப்போட்டுட்டு இறங்கி வந்து பார்க்கறேன், வாசல் காலியா இருக்கு."

அந்தக் கைக்குழந்தை பட்டையை எடுத்து மறுபடி நெற்றியில் மாட்டிக்கொண்டது. அப்பா மேல் கோபப்படுவதா, பரிதாபப்படுவதா? தன் மேலேயே கோபப்படுவதா? ஒன்றும் புரியவில்லை. ஒரு வருஷமாக மனசில் வைத்துக் கும்பிட்ட அப்பாவை யாரோ பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டார்கள். அங்கே அவர் ஜன்னலில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இன்னும் சந்தோஷமாகவே இருந்தார். அதுதான் கூடுதல் குழப்பம்.

"மறுபடி அறுக்கணும்மா. உடைஞ்சாலும் உடைஞ்சிடும். நாளைக்கு அண்ணா வந்துடுவார்."

"உடைஞ்சா உடையட்டும்," என்றாள் அம்மா. "ஆனா யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே. போனவரைப் பத்தி இப்போ என்னத்துக்கு."

அறுத்தார். ஒரு மூலை விரிசல் விட்டது. விரிசலோடு ஒட்டினார். ஒட்டி முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஸ்டீயரிங் வலது பக்கம் வந்துவிட்டது, சரி. ஆனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? எதை எப்போதும் நினைத்தார்களோ அதையேதான். இத்தனை அறுத்து ஒட்டியும், கடையில் கிடைத்தபடியே ஒரு கார்.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது. அண்ணன் வந்ததும் வராததுமாகப் படத்துக்குக் கீழே குனிந்தார். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேனில்ல? வலதுதான்!" பிள்ளைகளைக் கூப்பிட்டார். வலது ஜன்னலில் விரலை வைத்தார். "இங்க உக்காந்துதான் உங்க தாத்தா ஓட்டுவார்."

பூதக்கண்ணாடி தரையைப் பார்த்தார். சொல்லாதே என்றிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருப்பது பல்வலி போல இருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். அப்பாவின் படத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மூத்த மகனின் விரலைப் பிடித்து, காரின் கூரைக்கு மேலாகத் தூக்கி, இடது ஜன்னலில் வைத்தாள்.

"தாத்தா இங்க," என்றாள். "அது என் எடம்."