அத்தானின் செம்புத்தூள்

அந்தப் புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்து, "மெல்லப் பிடி மச்சாள், உது இன்னும் வேகேல்லை" என்றார் அத்தான். செம்புத் தூளோடு கொஞ்சம் வெள்ளீயத் தூளும் கலந்து, இரும்பு அச்சில் கொட்டி, லொறி ஜக்கால் நெரித்து எடுத்த வளையம் அது; மிசினுக்குள் சுழலும் தண்டைத் தாங்குவது. அழுத்திப் பிடித்தால் உதிர்ந்துவிடும். கரித்தூள் நிரப்பிய தகரப்பெட்டிக்குள் வைத்து உலையில் சுட்டால், உருகாமலே தூளோடு தூள் ஒட்டி இறுகிவிடுமாம். பிறகு எண்ணெயில் ஊறவைத்தால், குடித்த எண்ணெயைத் தானே கசியவிட்டு ஓடுமாம்.

அத்தான் என் அக்காவின் கணவர். கொழும்பில் இப்படிப் புஷ் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர், எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு ஊருக்கு வந்தவர். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அக்கா விரதம் பிடித்தால், "உன்ரை பட்டினியிலை ஆருக்கு வயிறு நிறையுது?" என்று கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது.

எங்கள் பக்கத்துக்குச் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலம். மருதனார்மடத்துக்குக் கிட்ட எங்கள் பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மிசினின் புஷ் தேய்ந்துபோயிற்று. புதியது வாங்க வழியில்லை. அந்த ஒரு மிசினை நம்பித்தான் பங்குக்காரர் எல்லோருடைய வெங்காயமும் நின்றது. "நான் செய்து தாறன், செம்பு தாங்கோ" என்றார் அத்தான். அவருக்காக வீடு வீடாய்ப் போய்க் கேட்டவள் நான். குடமும் கிடாரமுமாகக் கொடுத்தார்கள். அவ்வளவையும் அரத்தால் ராவித் தூளாக்கினோம்.

புஷ் பூட்டி மிசினை ஓடவிட்ட அன்று வாய்க்காலில் தண்ணீர் வந்தது. எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் மிசின் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் புஷ் ஒரு பக்கம் பொருக்காய் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த தூள் தண்டையும் அராவிப்போட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஊராற்றை செம்பையும் திண்டு, இருந்த மிசினையும் கெடுத்துப்போட்டியளே!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

அத்தான் அந்த உடைந்த துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அவர் முகம் கறுத்தது.

"பிழை செம்பிலை இல்லை. நான்தான் திருநீறு போட்டனான்" என்றார். "அச்சிலை தூளைக் கொட்டேக்கை, எல்லாற்றை சீவியமும் உதுக்குள்ளை கிடக்கெண்டு பயந்துபோனன். என்ரை மனிசி வைச்சிருந்த திருநீற்றிலை ஒரு கிள்ளு எடுத்துப் போட்டிட்டன். சாம்பல் விழுந்த இடம் ஒட்டாதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டன்."

புஷ் உடைந்ததைவிட, கும்பிட்டதைச் சொல்ல வேண்டி வந்ததுதான் அவரைக் கூனவைத்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ கத்திய நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பங்குக்காரரில் மூத்தவர்தான் கடைசியில் பேசினார். "சாமியைக் கும்பிட்டது ஒரு பிழையோ தம்பி? இன்னொருக்காச் செய்யும்."

தண்டைக் கடைசல் பட்டறையில் சீராக்கி எடுத்தார்கள். வீடுகளில் மிஞ்சியிருந்த செம்பும் வந்தது. அதற்கிடையில் வாளியால் அள்ளி ஊற்றிப் பாதி வெங்காயத்தைக் காப்பாற்றினோம். இரண்டாவது புஷ் நெரிக்கிற காலையில், அத்தான் கையை மூன்று தரம் கழுவிக்கொண்டு கொட்டிலுக்குள் காத்திருந்தார். பங்குக்காரர் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மூத்தவர்தான் முதலில் வந்தார். விடிந்ததும் மூன்று குறி பூசாமல் தேத்தண்ணிகூடக் குடிக்காத மனிதர்கள்.

ஒருவர் நெற்றியிலும் திருநீறு இல்லை. தூளில் ஒரு பொட்டு விழுந்துவிடக்கூடாதென்று எல்லோரும் கழுவித் துடைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

அத்தான் அந்த வெறும் நெற்றிகளை ஒருதரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நீ கொட்டு மச்சாள்" என்றார், "எனக்குக் கண் தெரியேல்லை."