முதலில் திருப்பு, பிறகு சாய்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி பஸ்ஸில். சித்தி வழியனுப்ப வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே அவள் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போனேன்.

அங்கே இரும்புத் தகடு வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின் சித்தியுடைய பொறுப்பு. பழைய மெஷின். குறுக்குச் சட்டம் எப்போதோ இடிபட்டுக் கோணிவிட்டது. சதுரம் வெட்டச் சொன்னால், மேலே போகப் போக நூறு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லி வலப்பக்கம் சாய்த்து வெட்டும். உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் கணக்குப் படித்துப் பாதியில் நிறுத்திய சித்தி, நாலு எண்களை எழுதி மெஷின் மேல் ஒட்டினாள். மேல் வரியில் 1, -0.01. கீழ் வரியில் 0, 1. மேட்ரிக்ஸ். வெட்ட வேண்டிய படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் இதால் பெருக்கினால், படம் அதே அளவு இடப்பக்கம் சாயும். மெஷின் வலப்பக்கம் சாய்க்கும். வெட்டி எடுத்தால் நேராக இருக்கும். வெல்டர் அவளுக்கு 'டீச்சரம்மா' என்று பேர் வைத்தார்.

அன்று மேஜையில் நாற்பது கதவுத் தகடுகள், அத்தனையும் கோணல். முதலாளி மூலைமட்டத்தை ஒன்றின்மேல் வைத்துக் காட்டினார்.

"நூத்துக்கு ரெண்டு மில்லிம்மா! உன் மருந்தக் குடிச்சு வியாதி டபுளாயிருச்சு."

"அதான் எனக்கும் புரியலைங்க."

"சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது நேரா வரணும். இல்லேன்னா நாளைலேர்ந்து நீ பேக்கிங். மெஷின வேற ஆள் பாக்கட்டும்."

"அங்க அட்டைப்பெட்டியையும் சாய்ச்சுடாதீங்க டீச்சரம்மா," என்றார் வெல்டர்.

சித்தி என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "வழக்கமா இப்படி ஆகாதுடி. இன்னிக்குத் தகடு நீளம், ஷீட்டுல அடங்கல. படத்தத் தொண்ணூறு டிகிரி திருப்பினேன், அவ்வளவுதான்."

"எப்ப திருப்பினீங்க?"

"சாய்ச்ச பிறகு."

சொன்னவள் மெஷின் மேல் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்தாள். "அடச்சீ! படத்தோட என் சாய்ப்பும் சேர்ந்து திரும்பிருச்சு. மெஷினோட கோணல எதிர்க்க வேண்டியது அதோட கூட்டுச் சேந்துக்கிச்சு. முதல்ல திருப்பி, அப்புறம் சாய்ச்சிருக்கணும். அதே ரெண்டு பெருக்கல்தான், வரிசை மாறினா விடை வேற. முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தாங்க, கழுதை எனக்கு."

புதுத் தகட்டை மேஜையில் ஏற்றினாள். அது வெட்டி முடிய நாற்பது நிமிடம் ஆகும். பஸ்ஸுக்கு இருபதுதான் இருந்தது. "பாத்துப் போ" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு எத்தனையோ ஊர்களிலிருந்து போன் பேசினேன். சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று சித்தி கேட்பாள். தகடு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பேக்கிங் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

இரண்டரை வருடம் கழித்து, நான் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"நேத்து எனக்கு லீவு. முதலாளி தானே மெஷின்ல உக்காந்து, சாய்ச்சுட்டுத் திருப்பியிருக்காரு. முப்பது தகடு போச்சு. இன்னிக்கு வெல்டர் அவரப் பேக்கிங்ல உக்கார வச்சுட்டாரு. பெட்டி நேராத்தான் கட்டுறாரு."