இரண்டு அடுப்பும் ஒரு புகையும்

தொண்ணூறாம் ஆண்டுக் கடைசி. மாரி தொடங்கியிருந்தது. திருகோணமலையில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இறங்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் எங்கள் வாடகை வீடு இருந்தது. சண்டை தொடங்கியபோது ஊரோடு ஊராக நாங்களும் ஓடினோம். அரசாங்கக் கந்தோர் ஊழியர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவித்ததும் என் கணவர் திரும்பி வந்தார். இவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கூடவே வந்துவிட்டேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

அந்த ஒழுங்கையில் ஆள் இருந்தது எங்கள் வீட்டிலும் முகப்பில் ஒரு வீட்டிலும் மட்டும்தான். மற்ற வீடுகளின் கதவுகள் கடல் காற்றுக்கு அடித்து அடித்துத் திறந்துகொள்ளும். கோட்டைப் பக்கத்து மான்கள் ஆளில்லாத வளவுகளுக்குள் புகுந்து செவ்வரத்தை இலை தின்றுகொண்டு நிற்கும். நான் நடந்து போனால் தலையைத் தூக்கிப் பார்க்கும், ஆனால் ஓடாது. ஓடாமல் நிற்கிறதே என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பெரிய கஷ்டம். சங்கக்கடையில் அரிசி, கோதுமை மா, கொஞ்சம் பருப்பு கிடைக்கும். சம்பளம் எந்த மாதம் வருமென்று தெரியாது. கடலுக்குப் போகத் தடை என்பதால் மீன் இல்லை. ஆகவே வளவில் முளைத்ததெல்லாம் எங்களுக்குக் கறிதான். கிணற்றடிப் பொன்னாங்காணியை ஒருநாள் வறுப்பேன், பழுக்காத பப்பாசியை மறுநாள் பால்கறி வைப்பேன். விழுந்த தேங்காயில் பாதியைத் துருவிப் பிட்டுக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பிழிந்து சொதி. பிழிந்த தேங்காய்ப்பூவையும் எறியாமல் மாவோடு குழைத்து ரொட்டி சுடுவேன். தேங்காய்ப் பொச்சுமட்டையும் காய்ந்த பாளையும்தான் விறகு.

நான் சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு மதில். அதற்கு அங்கால் ஒரு பெரிய வீடு, அதுவும் வெறும் வீடு. அந்த வளவில் மதிலோரமாக ஒரு முருங்கை மரம். அதன் ஒரு கொப்பு மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அதில் இலை உருவித்தான் ஒரு கிழமை ஓட்டினேன். கொப்பு மொட்டையானதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இவரிடம், "நாளைக்கு மதில் ஏறி அங்கால போய் முறிச்சுக்கொண்டு வாறன்" என்றேன். வயிற்றுப் பிள்ளையோடு மதில் ஏறுகிற கதையா என்று ஏசினார்.

மறுநாள் காலையில் குசினிக் கதவைத் திறந்தால், மதில் மேல் ஒரு கட்டு முருங்கையிலை. வாழைநாரால் அழகாகக் கட்டியிருந்தது.

எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டின் யன்னல்கள் பூட்டியிருந்தன. முற்றம் முழுக்கச் சருகு. ஆள் நடந்த அடையாளமே இல்லை. முகப்பு வீட்டுக்காரர்தான் வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வறை செய்தேன். பின்னேரம் அவரிடம் கேட்டால், அவர் அந்தப் பக்கமே வரவில்லை என்றார்.

அடுத்த நாளும் ஒரு கட்டு இருந்தது. அதற்கடுத்த நாளும்.

பிறகுதான் அந்த வாசம் தொடங்கியது. மதியம் நான் அடுப்பில் வெறும் சொதி கொதிக்க வைத்திருப்பேன். எங்கிருந்தோ செத்தல் மிளகாயும் மல்லியும் வறுபடுகிற வாசம் வரும். என் வீட்டில் ஒரு செத்தல் மிளகாய்கூட இல்லை. முகர்ந்துகொண்டே ஒழுங்கைக்கு ஓடுவேன். அங்கே காற்றில் உப்பு மணம் மட்டும்தான் இருக்கும். குசினிக்குத் திரும்பினால் மறுபடியும் அந்த வாசம். மசக்கையில் இப்படியெல்லாம் தோன்றுமா என்று கேட்கப் பக்கத்தில் ஒரு பெண்ணும் இல்லை.

ஒருநாள் இவரிடம், "புளிப்பா ஏதாவது தின்னவேணும் போல கிடக்கு" என்று குசினியில் நின்று சொன்னேன். விடிந்ததும் மதில் மேல் இலைக்கட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு தேசிக்காய்.

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னதை யாரோ நின்று கேட்டிருக்கிறார்கள். எங்கே நின்று கேட்டார்கள்? மதிலுக்கு அங்கால் ஒரு சருகு நொறுங்கிய சத்தம்கூட எங்கள் காதில் விழவில்லையே.

"இனி உந்தக் குசினிக்குப் போகாதையும். அதுகளையும் தொடவேண்டாம்" என்றார் இவர்.

அந்த வீட்டில் யாரோ செத்திருக்க வேண்டும், அதுதான் இப்படி என்று எனக்கும் மனதில் விழுந்துவிட்டது. குசினியைப் பூட்டிவிட்டு முன் விறாந்தையில் மூன்று கல் வைத்துச் சமைத்தேன். மூன்று நாள் அப்படியே போயிற்று. கட்டி வைத்த இலை வாடி, மழையில் நனைந்து கறுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். போய்ப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் இவர் கந்தோருக்குப் போன பிறகு மனம் கேட்காமல் குசினியைத் திறந்தேன். மதில் மேல் புதிதாக ஒன்றுமில்லை. பழைய கட்டும் தேசிக்காயும் அப்படியே கிடந்தன. வாசமும் இல்லை. இத்தனை நாள் இருந்த பயத்தைவிட அந்த ஒன்றுமில்லாமைதான் என்னை அதிகம் உலுப்பியது. யாராயிருந்தாலும் இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். மதிலில் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு காலை அந்தப் பக்கம் இறக்கினேன்.

"தங்கச்சி, காலை வைக்காதையுங்கோ."

தொண்டை கட்டிப்போன ஒரு குரல். பூட்டியிருந்த யன்னல் ஒன்று விரலளவு திறந்திருந்தது.

"அசையாமல் இருங்கோ. அந்த நிலத்துக்குள்ள மிதிவெடி கிடக்கு. காலை மெதுவா மேல எடுங்கோ."

எப்படி எடுத்தேன், எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மதில் மூலையில், அவர்கள் வீட்டுக் குசினிச் சுவர் வந்து முட்டுகிற இடத்தில், ஒரு முகம் தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பேய்க்குப் பயந்துகொண்டிருந்த நான் அந்த முகத்தைக் கண்டு இன்னும் பயந்தேன்.

"நான் கதைச்சு எத்தினை நாள். குரல் வருகுதில்லை" என்றார் அந்த அக்கா.

மதிலோடு ஒட்டி நின்றுதான் எல்லாம் சொன்னார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அவருடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஊர் முழுக்க ஓடியபோதும் அந்த அக்கா ஓடவில்லை.

"அவர் வந்து பாக்கேக்க வீட்டில ஆள் இல்லாமல் கிடக்கக் கூடாது, தங்கச்சி."

ஆளில்லாத ஒழுங்கையில் ஒரு பெண் தனியே இருக்கிறாள் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வீட்டைப் பூட்டியது போல வைத்துவிட்டு உள்ளே இருந்தார். சமைக்க அரிசி, செத்தல் மிளகாய் என்று குசினிச் சாமான் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாங்கள் திரும்பி வருவதற்கு முன்பு ஒரு பின்னேரம் சிலர் வந்து முருங்கையடியில் கிண்டி எதையோ தாட்டு மூடியதை யன்னல் இடுக்கால் பார்த்திருக்கிறார். யாரென்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் நாள் அவருடைய ஆடு அங்கே போய்ச் சிதறியது. இன்னும் எத்தனை கிடக்கிறது, எங்கே கிடக்கிறது என்று தெரியாமல், குசினிப் படியில் நின்று கொக்கைத்தடியால் எட்டுகிற கொப்புகளை மட்டும் இழுத்து இலையும் தேசிக்காயும் பறித்திருக்கிறார். மதில் ஏறி வருகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான் முதல் கட்டை வைத்தாராம். சத்தம் போட்டுத் தடுக்கப் பயம், நான் வந்துவிடுவேனோ என்றும் பயம். இலை கிடைத்தால் நான் ஏன் வரப் போகிறேன்?

நான் மெல்லக் கேட்டேன். "அக்கா, இந்த மூண்டு நாளும் ஏன் சமைக்கேல்லை?"

"உங்கட குசினி புகைக்கேக்கதான் நானும் அடுப்பு மூட்டுவன். ரெண்டு புகையும் ஒண்டாப் போயிடும், ஆருக்கும் தெரியாது. நீங்கள் மூட்டேல்லை. தனிய எப்பிடி மூட்டுறது? அரிசியை ஊறவைச்சுத் திண்டனான்."

என் பயத்தால் ஒரு மனுஷி மூன்று நாள் பச்சை அரிசி தின்றிருக்கிறாள். அன்றைக்கு நான் அழுத மாதிரி என் கல்யாணத்தன்றுகூட அழவில்லை. உடனே போய்க் குசினி அடுப்பை மூட்டினேன். பச்சை மட்டையையும் போட்டு, கண் எரிய எரியப் புகைய விட்டேன்.

இவரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. "பிடிபட்டால் எங்களையும் சேர்த்துத்தான் கேப்பினம்" என்றார். அது உண்மைதான். இரண்டு கிழமை நாங்கள் இருவரும் சரியாகக் கதைக்கவில்லை. நான் மட்டும் மூலையில் சாப்பாட்டுக் கோப்பையை வைப்பேன், அது கழுவித் திரும்பி வரும்.

பிறகு ஒருநாள் விடிய ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும், வீடு வீடாகத் தேடுவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீட்டுக்குள் அந்த அக்காவைக் கண்டெடுத்தால் அவர் கதி என்னவாகும்? நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் குசினிப் பக்கம் போய் மதில் மூலையில் நின்று, "அக்கா, இஞ்சால இறங்கி வாங்கோ. எங்களோட வாங்கோ" என்று கூப்பிட்டார். குசினிச் சுவரைப் பிடித்து ஏறி வந்த அவரை இவரே கைகொடுத்து இறக்கினார். மாற்றிக்கொள்ள என் சேலை ஒன்றைக் கொடுத்தேன்.

மைதானத்தில் வரிசையாகப் போனோம். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஓர் ஆள் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் ஆளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். ஒவ்வொருவராக அந்த ஓட்டைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். எங்கள் குடும்ப அட்டையில் இரண்டு பேர், நிற்பது மூன்று பேர். யார் இது என்று கேட்டார்கள்.

"என்ர சொந்த அக்கா. மூதூரில இருந்து வந்து நிக்கிறா" என்றார் இவர். குரல் தெளிவாகத்தான் இருந்தது. அட்டையை நீட்டியபடியே நின்றார்.

சாக்குக்குள் இருந்த கண்கள் அந்த அக்காவை நெடுநேரம் பார்த்தன. அவனுக்கு அவரைத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தலை அசையவில்லை.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டு ஆளாகவே இருந்தார். ஆடு செத்ததைச் சொல்லி இவர் பொலிசில் முறைப்பாடு செய்ய, வெடி எடுக்கிற ஆட்கள் வந்து முருங்கையடியைக் கிளறி இரண்டு வெடி எடுத்தார்கள். அதில் ஒன்று நான் கால் இறக்கிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. என் மகள் பிறந்தபோது மருந்துச் சரக்கு அரைத்து எனக்குப் பத்தியம் பார்த்தவர் அந்த அக்காதான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவருடைய தம்பி வந்து மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். கணவர் கடைசிவரை வரவில்லை.

அந்த மூன்று நாள் மதிலுக்கு இப்பால் இருந்து நான் பேய்க்குப் பயந்தேன். உயிரோடு இருக்கிறேன் என்பதை அடுப்புப் புகையில்கூட ஒரு மனுஷி காட்ட முடியாத காலம் ஒன்று எங்கள் ஒழுங்கையில் இருந்தது என்பதுதான், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னைப் பயமுறுத்துகிறது.