மீன்கண்ணின் வெள்ளை மணி

இன்று பாரைக் குழம்போடு ஒரு மீன்கண்ணும் என் சோற்றில் விழுந்தது. அதைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தேன்.

சின்ன வயதில், சல்லிக் கிராமத்து வீட்டில் அப்பா, அம்மா, நான், தங்கச்சி நால்வரும் சாப்பிட இருந்தால், தங்கச்சி எல்லோருடைய மீன்கண்ணையும் தோண்டுவாள். உள்ளிருக்கும் வெள்ளை மணியைச் சப்பித் துப்பி, பவுடர் டின்னில் சேர்ப்பாள். அலுமாரியே நாறும்.

"சீ! உந்த டின்னை எறியடி."

"ஏலாது அண்ணா. பச்சையில கண்ணாடி மாதிரி இருந்தது, அவிச்சா ஏன் வெள்ளையாகுது?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவள் வெளிநாட்டில் விஞ்ஞானி. கண்ணுக்குள் இருக்கும் புரதத்தைப் பளிங்காக்கி, எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்ப்பதுதான் வேலை.

இப்போது என் கண்ணிலும் அந்த வெள்ளை கண்புரையாகப் படர்ந்திருக்கிறது. ஒப்பரேசனுக்குப் பயந்து அவளுக்கு போன் எடுத்தேன்.

"கரைக்கிற மருந்து ஏதும் கண்டுபிடிச்சிட்டியோ?"

"முப்பது வருசமாப் பாக்கிறன், இன்னும் இல்லை. வெட்டாட்டிப் பார்வை போயிடும் அண்ணா."

"சரி, வாற செவ்வாய் போறன்," என்று சொல்லிவிட்டு, தட்டோரம் கிடந்த மீன்கண்ணைப் பார்த்ததும் வெளியே போய்க் காறித் துப்பினேன்.